மழைக்கு முன் சிகரெட்டை என்ன செய்வது?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மருந்துக்கடை வாசலில் இரண்டு வகை இருமல் கேட்கும். ஒன்று, மூன்று நாள் மூக்கொழுகி, நாலாம் நாள் தொண்டை கரகரத்து, ஒரு வாரத்தில் தானே அடங்கிப்போவது. இன்னொன்று ஐப்பசியில் தொடங்கி மார்கழிக் கோலம் வரை இழுத்துக்கொண்டே போவது. இரண்டாவது வகைக்காரர் கவுண்டரில் கை ஊன்றிக் குனிந்து இருமும்போது, சட்டைப்பையில் இருப்பது சிகரெட் பாக்கெட்டா பீடிக்கட்டா என்பது மட்டும்தான் நமக்குத் தெரிய வேண்டியிருக்கும்.

அவர்களில் பலர் இருமல் மருந்தோடு நிறுத்துவதில்லை. "குறைச்சுக்கிட்டா போதுமா? மெந்தால் பரவாயில்லையா? அந்த நிக்கோட்டின் கம் வாங்கி மென்னா விட்டுடலாமா? ஃப்ளூ ஊசி போட்டுக்கிட்டா இந்தத் தொல்லையே வராதாமே?" எல்லாமே நியாயமான கேள்விகள். டாக்டரிடம் கேட்டால் "விட்டுடுங்க" என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும் என்பதால் மருந்துக்கடைக்காரனிடம் கேட்கிறார்கள். மாயவரத்துப் பக்கம் கடை வைத்திருப்பவன் என்ற முறையில், இந்த வழிகளில் எது மழைக்காலத்து வைரஸ் காய்ச்சலுக்கு எதிராக எவ்வளவு தூரம் தாங்கும் என்று இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன். புற்றுநோய், மாரடைப்புக் கணக்கையெல்லாம் இதில் சேர்க்கவில்லை. அவை பாக்கெட்டின் மேலேயே படத்தோடு இருக்கின்றன.

புகை என்ன செய்கிறது

சிகரெட் பிடிப்பவருக்குச் சளி அதிகம் பிடிக்கும் என்று ஊரே சொல்லும். அது புகையாலா, டீக்கடைக் கூட்டத்தில் நிற்பதாலா, ஒரே பீடியை இரண்டு பேர் இழுப்பதாலா என்று பிரித்துப் பார்ப்பதுதான் கஷ்டம். பிரித்துப் பார்த்த இடம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் சாலிஸ்பரி ஊருக்கு அருகே 1946 முதல் 1990 வரை ஜலதோஷத்தை ஆராய்வதற்கென்றே ஒரு மையம் நடந்தது. சம்மதித்து வந்தவர்களைத் தனியே தங்கவைத்து, மூக்கில் வைரஸ் சொட்டு விட்டு, யாருக்குத் தொற்றுகிறது, யாருக்கு அது நோயாக மாறுகிறது என்று கவனிப்பார்கள். அங்கே ஐந்து வகை சுவாச வைரஸ்களில் ஒன்றைப் பெற்ற 391 பேரைப் பற்றிய ஆய்வு 1993-ல் வந்தது. எல்லாருக்கும் வைரஸ் நேராக மூக்குக்குள் போயிருக்கிறது; கூட்டத்தில் நின்றாரா, பீடியைப் பகிர்ந்தாரா என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்படியிருந்தும் புகைபிடிப்பவர்களுக்குத் தொற்று கூடுதலாகப் பிடித்தது. தொற்றியவர்களில் சளி காய்ச்சலாகப் படுத்தியதும் அவர்களைத்தான் அதிகம்.

(அதே ஆய்வில், அளவாக மது அருந்துபவர்களுக்கு ஜலதோஷம் குறைவாக வந்தது என்றும் இருக்கிறது. உடனே யாரும் கிளம்பிவிட வேண்டாம். அந்தச் சலுகை புகைபிடிக்காதவர்களுக்கு மட்டும்தான் கிடைத்தது.)

ஃப்ளூ கணக்கு இன்னும் பளிச்சென்று தெரியும். இஸ்ரேல் ராணுவத்தின் ஒரு பிரிவில் எச்1என்1 வகை ஃப்ளூ பரவியபோது 336 இளைஞர்களைக் கவனித்தார்கள். 1982-ல் வெளியான முடிவுப்படி, புகைபிடிப்பவர்களில் 68.5 சதவீதம் பேருக்கு ஃப்ளூ வந்தது, பிடிக்காதவர்களில் 47.2 சதவீதம். கடுமையாகப் படுத்தது முறையே 50.6 சதவீதமும் 30.1 சதவீதமும். இவர்கள் எல்லாரும் பட்டாளத்துக்கு எடுத்த திடகாத்திரமான பையன்கள் என்பதைக் கவனியுங்கள். இருபது வருஷம் பீடி இழுத்த பெரியவர்கள் அல்ல. "வயசானாத்தான் பாதிக்கும்" என்று என்னிடம் சொல்லும் காலேஜ் தம்பிகளுக்கு நான் சொல்லும் கணக்கு இதுதான்.

காரணம் மூச்சுக்குழாயின் உள்சுவரில் இருக்கிறது. அங்கே கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் வரிசையாக நிற்கின்றன. காற்றடித்தால் நாற்றங்காலில் அலை ஓடுவதுபோல அவை ஓயாமல் ஒரே திசையில் அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளிப்படலத்தைத் தொண்டைப் பக்கம் ஏற்றிவிடும். நாம் அறியாமல் விழுங்கிவிடுவோம், கதை முடிந்தது. புகை இந்த இழைகளை மந்தப்படுத்துகிறது, நாள்பட்டால் அழிக்கிறது. அதே நேரம் சளி சுரக்கும் அணுக்களைப் பெருக்குகிறது. சளி கூடுகிறது, தள்ள ஆளில்லை. மிச்சமிருக்கும் ஒரே வழி இருமல். காலையில் பல் தேய்க்கும்போது வருகிற அந்த இருமல், ராத்திரி முழுக்கத் தேங்கியதை வெளியே தள்ளும் முயற்சி.

வைரஸ் உள்ளே வந்தபின் நடப்பதும் மாறுகிறது. 2020-ல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், மனித மூச்சுக்குழாய் அணுக்களை வளர்த்து, நாளுக்கு 3 நிமிடம் என 4 நாள் சிகரெட் புகை காட்டி, பிறகு கொரோனா வைரஸை விட்டார்கள். புகை பட்ட அணுக்களில் தொற்று இரண்டு மூன்று மடங்கு கூடியிருந்தது. உடம்பின் முதல் எச்சரிக்கை மணியான இன்டர்ஃபெரான் சரியாக வேலை செய்யாததே காரணம் என்று காட்டினார்கள். நாலு நாள், மொத்தம் 12 நிமிடப் புகை.

இந்த இடத்தில் கொரோனா காலத்து வதந்தி ஒன்றைத் தீர்த்துவிட வேண்டும். 2020 தொடக்கத்தில் "சிகரெட் பிடிக்கிறவனுக்குக் கொரோனா வராது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது நினைவிருக்கும். முற்றிலும் புனைவு அல்ல. ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களில் புகைபிடிப்பவர் எண்ணிக்கை குறைவாக இருப்பதாகச் சில ஆரம்பக் கணக்குகள் காட்டின, நிக்கோட்டின் காக்கிறதோ என்று பிரான்சில் ஒரு கருத்தும் கிளம்பியது. அவசரத்தில் எழுதிய கேஸ் ஷீட்டில் புகைப்பழக்கத்தை யார் ஒழுங்காகக் குறித்தார்கள்? அந்த வருஷமே உலக சுகாதார நிறுவனம் புகைபிடிப்பவர்களுக்குக் கொரோனா கடுமையாகும் வாய்ப்பு அதிகம் என்று அறிவித்தது. அந்தக் கருத்துக்குத் துணைபோன ஆய்வுக் கட்டுரை ஒன்றை 2021-ல் ஐரோப்பிய மருத்துவ இதழ் ஒன்று திரும்பப் பெற்றது. எழுதியவர்களில் சிலர் புகையிலைத் துறையோடு தங்களுக்கிருந்த தொடர்பைச் சொல்லாமல் விட்டிருந்தார்கள்.

ஊசி போட்டுக்கொண்டு அப்படியே ஓட்டுவது

விட முடியாது என்று முடிவோடு இருப்பவர்கள் முதலில் கேட்பது இதுதான். நல்ல கேள்வி. ஃப்ளூ தடுப்பூசி புகைபிடிப்பவருக்குக் கட்டாயம் பலன் தரும். அவர்தான் முதலில் போட்டுக்கொள்ள வேண்டியவரும். வைரஸ் ஆண்டுதோறும் சட்டை மாற்றுவதால் ஊசியும் ஆண்டுதோறும் வேண்டும். போட்டபின் எதிர்ப்பு உருவாக சுமார் இரண்டு வாரம் ஆகும். வட இந்தியாவின் பல ஊர்களில் ஃப்ளூ தென்மேற்குப் பருவமழையோடு ஏறும். சென்னை, வேலூர் பக்கம் அது அக்டோபர், நவம்பரில் ஏறுகிறது. ஆகவே நம் ஊருக்கு ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தோதான நேரம். தீபாவளி பட்டாசுப் புகையில் இருமிக்கொண்டே வந்து "ஊசி இருக்கா" என்று கேட்பது தாமதம்தான். இருந்தாலும் போடாமல் விடுவதற்கு அது எவ்வளவோ மேல்.

ஆனால் இந்த வழியின் ஓட்டை பெரிது. ஊசி தடுப்பது ஃப்ளூவை மட்டும். மழைக்காலச் சளியில் பெரும்பங்கு ரைனோ வைரஸ்களுடையது. அவற்றுக்கு ஊசியே கிடையாது. மயிரிழைகள் படுத்துக் கிடக்கிற மூச்சுக்குழாயை எந்த ஊசியும் எழுப்பாது. ஃப்ளூவுக்குப் பின்னாலேயே வரும் நிமோனியாவுக்கு நியூமோகாக்கல் தடுப்பூசி இருக்கிறது. புகைப்பழக்கத்தை அந்த ஊசிக்கான காரணங்களில் ஒன்றாகவே அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் வைத்திருக்கிறது. சர்க்கரை, ஆஸ்துமா உள்ள புகைபிடிப்பவர் அதைப் பற்றி டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும்.

என் கணக்கில் ஊசி, மற்ற எந்த முடிவோடும் சேர்த்துச் செய்ய வேண்டியது. தனியாக ஒரு முடிவு ஆகாது.

காய்ச்சல் வந்தால் மட்டும் நிறுத்துவது

இதுதான் நடைமுறையில் எல்லாரும் செய்வது. காய்ச்சல் நாளில் வாய் கசக்கும், முதல் இழுப்பிலேயே நெஞ்சு அடைக்கும், சிகரெட் தானாக நின்றுவிடும். நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியதும் ஒரு டீ, ஒரு கிங்ஸ். நிலவேம்புக் கஷாயத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிட்டு, அந்தக் கசப்பு போக வாசலில் நின்று ஒரு தம் போடுபவரைப் பார்த்திருக்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், காய்ச்சல் இறங்குவதும் மூச்சுக்குழாய் ஆறுவதும் ஒன்றல்ல. வைரஸ் உரித்துப்போட்ட உள்சுவர் மறுபடி வளர வாரக்கணக்கில் ஆகும். அந்தப் பச்சைப் புண்ணின்மேல் நாலாம் நாளே புகையை விட்டால் ஐப்பசி இருமல் மார்கழிக்குப் போகாமல் என்ன செய்யும்? பாதுகாப்பு என்ற அளவில் இந்த வழிக்கு மதிப்பெண் ஏறக்குறைய பூஜ்யம்.

ஆனாலும் இதை நான் ஒதுக்கமாட்டேன். நிக்கோட்டின் இல்லாத தவிப்பு முதல் இரண்டு மூன்று நாளில்தான் உச்சம். எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை. காய்ச்சலில் இவையெல்லாம் எப்படியும் இருக்கின்றன. படுத்துக் கிடந்த நாலு நாளில் அந்த மலையின் செங்குத்தான பகுதியை அவர் தெரியாமலே ஏறி முடித்துவிட்டார். அங்கிருந்து திரும்பி இறங்குவதுதான் பெரிய நஷ்டம். காய்ச்சலோடு வருபவரிடம் நான் பாராசிட்டமால் கொடுக்கும்போது, "நாலு நாளா பிடிக்கலையா? அப்ப கஷ்டமான பாதி முடிஞ்சுதுண்ணே" என்று சொல்வது உண்டு. சிலர் சிரித்துவிட்டுப் போவார்கள். சிலர் நின்று, "மீதிப் பாதிக்கு என்ன இருக்கு?" என்பார்கள். அதற்குத்தான் கீழே வருகிறேன்.

குறைப்பது, மாற்றுவது, வெளியே போய்ப் பிடிப்பது

பத்தை ஐந்தாக்கினால் பாதி ஆபத்து என்று மனசு கணக்குப் போடும். உடம்பு வேறு கணக்குப் போடுகிறது. வழக்கமான நிக்கோட்டின் அளவைப் பிடிக்க, ஐந்து சிகரெட்டையும் ஆழமாக இழுத்து, பஞ்சு சுடும்வரை பிடிப்பார். லைட் சிகரெட்டின் கதையும் அதுதான். அதன் ஃபில்டரைச் சுற்றிப் பொடித் துளைகள் இருக்கும். இயந்திரத்தில் வைத்து அளக்கும்போது அவை காற்றைக் கலந்து தாரைக் குறைத்துக் காட்டும். மனிதன் பிடிக்கும்போது விரலும் உதடும் பாதித் துளைகளை மூடிவிடும். மெந்தால் சளிக்கு இதம் என்பது இன்னும் மோசமான நம்பிக்கை. அது புகையைக் குறைப்பதில்லை. தொண்டை எரிவதை உணரவிடாமல் செய்கிறது, அவ்வளவுதான். சிகரெட்டிலிருந்து பீடிக்கு மாறுவது செலவைக் குறைக்கலாம். ஃபில்டர் இல்லை, அணையாமலிருக்க அடிக்கடி இழுக்க வேண்டும். நுரையீரலுக்கு ஆதாயம் ஒன்றுமில்லை.

குறைத்துக் குறைத்து ஒருநாள் விட்டுவிடுவேன் என்பவர்களுக்கு ஒரு ஆய்வு இருக்கிறது. இங்கிலாந்தில் 697 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள், மறுபாதி குறித்த நாளில் ஒரேயடியாக நிறுத்தினார்கள். இரு தரப்புக்கும் தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பேட்ச், மெல்லும் கம், ஆலோசனை எல்லாம் கிடைத்தன. ஆறு மாதம் கழித்து விட்டபடியே இருந்தவர்கள், படிப்படிக்காரர்களில் 15.5 சதவீதம், ஒரேயடிக்காரர்களில் 22 சதவீதம். 2016-ல் வந்த முடிவு. நாள் குறித்து நிறுத்துவதுதான் மேல் என்று இதை வாசிக்கிறேன். படிப்படியாகத்தான் முடியும் என்பவரைத் தடுக்கவும் மாட்டேன், இரண்டு வாரம் என்ற எல்லை இருக்கும்வரை.

மொட்டை மாடியிலோ வாசலிலோ நின்று பிடிப்பது பிடிப்பவருக்கு எதையும் மாற்றாது. வீட்டில் இருக்கும் குழந்தைக்கு மாற்றும். புகை சூழ்ந்த வீட்டுக் குழந்தைகளுக்கு நெஞ்சுச்சளி, வீசிங் எல்லாம் கூடுதலாக வருகின்றன. ஜன்னலைத் திறந்துவைப்பதும் ஃபேன் போடுவதும் போதாது என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை 2006-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. எனவே விடும்வரை வெளியே போங்கள். அதை ஒரு தீர்வாக மட்டும் எண்ண வேண்டாம்.

வேப்

இதை நம் ஊரில் பேசுவதே சங்கடம். இந்தியாவில் இ-சிகரெட் தயாரிப்பதும் விற்பதும் சேமித்து வைப்பதும் 2019 சட்டப்படி குற்றம். விற்பவருக்கு முதல்முறையே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பிரிட்டனில் நிலைமை நேர்மாறு. அங்கே புகையை விட உதவும் கருவியாக அதை மருத்துவத் துறையே ஏற்கிறது, சிகரெட்டைக் கைவிடச் செய்வதில் கம், பேட்சைவிட அது மேல் என்பதற்கு ஆதாரமும் உண்டு. ஆகவே "வேப்பும் சிகரெட்டும் ஒண்ணுதான்" என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் மாயவரத்திலோ மதுரையிலோ கையில் கிடைப்பது பிரிட்டன் கடையில் தரம் பார்த்து விற்பது அல்ல. யாரோ கடத்தி வந்த, உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாத திரவம். 2019-ல் அமெரிக்காவில் வேப் பிடித்த 2,800-க்கும் மேற்பட்டவர்கள் நுரையீரல் பாதிப்போடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், 2020 பிப்ரவரிக்குள் 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கள்ளச் சந்தைக் கஞ்சாத் திரவத்தில் கலந்த வைட்டமின் இ அசிடேட்தான் காரணம். கள்ளச் சந்தையின் பிரச்சினை அது. நமக்கு இருப்பதோ கள்ளச் சந்தை மட்டும். வைரஸுக்கு எதிராகவும் அது நல்ல பெயர் எடுக்கவில்லை. மூக்கின் உள்சுவரில் நோய் எதிர்ப்பு மரபணுக்களை அடக்குவதாக அமெரிக்க ஆய்வு உண்டு. இங்கே வாழ்பவருக்கு இந்த வழி வேண்டாம்.

விடுவது: வைராக்கியமா, கம்மா, மாத்திரையா

உண்மையான போட்டி இங்கேதான். சபரிமலைக்கு மாலை போட்டால் விரதம் முடியும்வரை தொடாதவர்கள் ஏராளம் என்பதால், வைராக்கியத்தை நம் ஆட்கள் மிகையாக நம்புகிறார்கள். மாலை கழற்றிய அன்றைக்கே எத்தனை பேர் பெட்டிக்கடைக்குத் திரும்புகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். எந்தத் துணையும் இல்லாமல் விடுபவர்களில் ஆறு மாதம், ஒரு வருஷம் தாக்குப்பிடிப்பது நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர். அந்த ஐந்து பேரைப் பார்த்து மற்ற தொண்ணூற்றைந்து பேரைச் சோம்பேறி என்பது அநியாயம்.

கம், பேட்ச் போன்ற நிக்கோட்டின் மாற்றுகள் வெற்றி வாய்ப்பை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்குகின்றன. பேட்சும் கம்மும் சேர்ந்தால் தனித்தனியாக இருப்பதைவிட நல்லது. பேட்ச் நாள் முழுக்க ஒரு அடிமட்ட அளவைக் கொடுக்கும். டீக்கடை வாசனை வந்து திடீரென்று இழுக்கும் நேரத்துக்குக் கம். 2 மில்லிகிராம் கம் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. தூங்கி எழுந்த அரைமணிக்குள் முதல் சிகரெட் பற்றவைப்பவருக்கு அது போதாது, 4 மில்லிகிராம் வேண்டும், அதற்குச் சீட்டு வேண்டும்.

கம் தோற்பதற்குப் பெரும்பாலும் கம் காரணமில்லை. ஒரு ஆட்டோக்கார அண்ணன் வந்து பாதி அட்டையைத் திருப்பி வைத்தார்.

"தம்பி, இது வேலைக்கு ஆகல. விக்கல்தான் வருது, வயிறு எரியுது."

"எப்படி மென்னீங்கண்ணே?"

"எப்படி மெல்லுவாங்க? நல்லா மென்னு எச்சிலை முழுங்கினேன். கையில காபி இருந்துச்சு."

இரண்டு தப்பும் ஒரே மூச்சில். அது சூயிங்கம் அல்ல. மெதுவாக நாலைந்து தடவை கடித்ததும் மிளகு கடித்தாற்போல் ஒரு சுருக் வரும். உடனே நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைத்துவிட வேண்டும். சுருக் அடங்கியதும் மறுபடி இரண்டு கடி, வேறு பக்கம் ஒதுக்கல். இப்படியே அரைமணி நேரம். நிக்கோட்டின் வாய்ச்சுவர் வழியாகத்தான் ரத்தத்தில் ஏறும். எச்சிலோடு விழுங்கினால் வயிற்றுக்குப் போய் விக்கலும் எரிச்சலுமாக முடியும். காபி, கோலா, பழரசம் வாயைப் புளிப்பாக்கிவிடுவதால் நிக்கோட்டின் ஏறாது. கால் மணி நேரம் முன்பிருந்தே அவை கூடாது. காபியும் கம்மும் சேர்த்துச் சாப்பிட்டவருக்குக் கம் வேலை செய்யவில்லை என்று தோன்றுவதில் ஆச்சரியமே இல்லை. ஒரு கம்மின் விலை ஒரு கிங்ஸ் விலையைத் தாண்டாது என்பதையும் சொல்லி அட்டையைத் திருப்பிக் கொடுத்தனுப்பினேன்.

பேட்சுக்கு நம் ஊர் எதிரி வியர்வை. குளித்துத் துடைத்து உலர்ந்த மேல்கையில், முடியில்லாத இடத்தில் ஒட்டி, உள்ளங்கையால் பத்து நொடி அழுத்த வேண்டும். மறுநாள் வேறு இடம். கெட்ட கனவு வந்து படுத்தினால் இரவில் கழற்றிவிடலாம்.

மாத்திரைகளில் முன்னால் நிற்பது வரனிக்லின். அதை டாக்டர் சீட்டில்தான் தரமுடியும். 2016-ல் லான்செட் இதழில் வந்த பெரிய ஆய்வில் 8,144 பேர். ஒன்பதாம் வாரத்திலிருந்து இருபத்து நாலாம் வாரம் வரை தொடர்ந்து விட்டிருந்தவர்கள் வரனிக்லினில் 21.8 சதவீதம், புகையை விட உதவும் இன்னொரு மாத்திரையான புப்ரோப்பியானில் 16.2, பேட்சில் 15.7, மருந்தே இல்லாத போலி மாத்திரையில் 9.4. வரனிக்லின் மனநிலையைக் கெடுக்கும் என்று முன்பு இருந்த பயத்துக்கு இந்த ஆய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை. அதே வருஷம் அமெரிக்க மருந்துத் துறை அந்த மருந்தின்மேல் போட்டிருந்த கடும் எச்சரிக்கைப் பெட்டியை எடுத்துவிட்டது. குமட்டல் வரும், அதனால் சாப்பாட்டுக்குப் பின் போட வேண்டும். விடும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி 12 வாரம் தொடர வேண்டும். கிட்னி பிரச்சினை இருந்தால் அளவு மாறும். வலிப்பு வந்தவர்களுக்குப் புப்ரோப்பியான் கூடாது.

வீசிங்குக்கு டெரிஃபிலின் மாதிரி தியோஃபிலின் சேர்ந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று. புகையிலுள்ள தார், கல்லீரலை முடுக்கி இந்த மருந்தை வேகமாகக் கழியவைக்கிறது. ஆகவே புகைபிடிப்பவருக்குக் கூடுதல் அளவு கொடுத்திருப்பார்கள். அவர் திடீரென்று புகையை நிறுத்தினால் அதே அளவு மாத்திரை ரத்தத்தில் தேங்கிவிடும். ஃப்ளூ காய்ச்சலும் அதைக் கழியவிடாமல் செய்யும். இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தால் நெஞ்சு படபடப்பு, வாந்தி, கைநடுக்கம். "சிகரெட்டை விட்டதும் உடம்பு கெட்டுப்போச்சு" என்று சொல்பவர்களில் சிலருக்கு நடந்தது இதுவாக இருக்கும். கம் மென்றாலும் இது மாறாது, ஏனென்றால் வேலையைச் செய்தது நிக்கோட்டின் அல்ல, தார். விடும் முன்பே டாக்டரிடம் சொல்லி அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள். காபிக்கும் இதே விதி; விட்டபின் இரண்டு டம்ளர் காபி முன்பு குடித்த மூன்று நாலு டம்ளருக்குச் சமமாக நிற்கும். தூக்கம் வராததற்கு நிக்கோட்டினை மட்டும் திட்ட வேண்டாம்.

எப்போது

வழியைத் தேர்ந்தெடுப்பதைவிட நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் மழைக்காலம் குறுக்கே வருகிறது. புகையை விட்ட முதல் சில வாரங்களில் தொண்டைவலி, இருமல், தும்மல் போன்ற ஜலதோஷ அறிகுறிகள் கூடுகின்றன என்று 2003-ல் லண்டன் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். மயிரிழைகள் மறுபடி எழுந்து தேங்கியதைத் தள்ளத் தொடங்கும்போது இருமல் கூடத்தான் செய்யும். அக்டோபர் நடுவில் விடுபவருக்கு இந்த இருமலும் வைரஸ் இருமலும் சேர்ந்து வரும். "பிடிச்சப்ப நல்லா இருந்தேன், விட்டதும் இருமுது" என்று பெட்டிக்கடைக்குத் திரும்பிவிடுவார். அந்த இருமலை அடக்கும் சிரப்பை நான் முடிந்தவரை கொடுப்பதில்லை. சளி வெளியே வரட்டும். வெந்நீர் குடியுங்கள்.

இந்த மோதலைத் தவிர்க்க ஆடி, ஆவணிதான் சரியான காலம். ஆடியில் நல்ல காரியம் தொடங்கமாட்டோம் என்றால் ஆவணி முதல் முகூர்த்தம் இருக்கவே இருக்கிறது. அன்றைக்கு நிறுத்தினால் மழை இறங்கும்போது முதல் தவிப்பு கடந்திருக்கும், இருமல் ஓய்ந்திருக்கும், மூச்சுக்குழாய் ஓரளவு தேறியிருக்கும். முழுதாகத் தேறச் சில மாதங்கள் ஆகும். அதே ஆவணியில் ஃப்ளூ ஊசியும் போட்டுக்கொள்ளலாம்.

யாருக்கு எது என்று கேட்டால் இப்படிச் சொல்வேன். நாளைக்கு ஐந்துக்குக் கீழே பிடிப்பவர், காலையில் எழுந்ததும் பிடிக்காதவர்: நாள் குறித்து நிறுத்தி, கையில் 2 மில்லிகிராம் கம் வைத்துக்கொண்டால் போதும். பத்துக்கு மேல் போகிறவர், பீடிக்கட்டு தீர்ப்பவர்: பேட்சும் கம்மும் சேர்த்து, அல்லது டாக்டரைப் பார்த்து வரனிக்லின். ஏற்கெனவே இரண்டு தடவை கம்மில் தோற்றவர் மூன்றாவது தடவை கம்மையே கேட்காமல் நேராக வரனிக்லினுக்குப் போகலாம். ஆஸ்துமா, சர்க்கரை, நெஞ்சுவலிக்காரர்கள் மருந்துக்கடையோடு முடித்துக்கொள்ளாமல் டாக்டரிடம் போகவும். விடவே போவதில்லை என்பவர் ஊசியாவது போடட்டும், வீட்டுக்குள் பிடிக்காமல் இருக்கட்டும், மழைக்காலத்தில் ஒரே பீடியைப் பகிராமல் இருக்கட்டும்.

பேசி வழிகாட்ட ஆள் வேண்டுமென்றால் 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது. 2018 முதல் ஒவ்வொரு பாக்கெட்டிலும் அச்சிட்டிருக்கிறார்கள். சில்லறையாக ஒன்றிரண்டு வாங்குபவர் பாக்கெட்டையே பார்ப்பதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஆவணி போய்விட்டது, இப்போதே மழையும் இருமலுமாக இருக்கிறேன் என்பவர் அடுத்த ஆடிவரை காத்திருக்க வேண்டியதில்லை. காய்ச்சல் விட்ட அன்றைக்கே பேட்ச் ஒட்டத் தொடங்கலாம். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் மட்டும் என்னிடம் வராமல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், காசு கிடையாது. சென்னையிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் 43,000 ஆண்களின் இறப்பை ஆராய்ந்து 2003-ல் வெளியிட்ட கணக்கில், புகைபிடித்தவர்கள் காசநோயால் இறந்தது பிடிக்காதவர்களைவிட நான்கு மடங்குக்கும் மேல். வைரஸ் இருமல் என்று சிரப் குடித்துக்கொண்டே இருக்கிற புகைக்காரரிடம் நான் பயப்படுவது இதற்காகத்தான்.